ஒரே வண்டிக்கு இரண்டு விண்ணப்பம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது, மனசுதான் ஓர் இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறது, உனக்கு அங்கே உடம்பும் மனசும் இரண்டுமே ஒழுங்காக இருக்கட்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் இந்தப் பக்கம் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், சுவருக்கு அந்தப் பக்கம் உன் பெரியப்பா நிற்கிறார், நம் வீட்டு நடுச்சுவர் பெயருக்குத்தான் சுவர், இங்கே தும்மினால் அங்கே கேட்கும். இரண்டு பேரைப் பற்றியும் மனசு விட்டுச் சொல்ல எனக்கு இந்தக் காகிதம்தான் கதி. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்ததிலிருந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி வாசலுக்கும் அடுக்களைக்குமாக அலைகிறேன். சார்ஜர் மானியத்துக்கு ஆய்வு செய்ய இன்றைக்கு அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறது. மதியத்துக்குள் வருவோம் என்றார்கள், அவர்களுடைய மதியம் எப்போது ஆரம்பித்து எப்போது முடியும் என்று யார் கண்டது. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உனக்குப் புரியும். இனிமேல் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி எல்லாம் மின்சார வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டதால் பழைய டீசல் வேனைக் கொடுத்துவிட்டுப் புதிதாக எடுத்தோம் இல்லையா, படத்தைப் பார்த்துவிட்டு அம்மா நீ பைலட் மாதிரி இருக்கே என்றுகூட நீ சொன்னாய். பைலட்டுக்கு என்ன கவலை, அவருக்கு எண்ணெய் ஊற்ற வேறு ஆள் இருக்கிறது. எனக்கு விடிவதற்கு முன்னால் எழுந்து பெரிய சாலையில் இருக்கிற சார்ஜ் போடும் இடத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. எனக்கு முன்னால் வந்த டாக்ஸிக்காரர்கள் ஒயரைச் சொருகிவிட்டு உள்ளேயே குறட்டை விடுவார்கள், கண்ணாடியைத் தட்டினால், என்னக்கா உலகமா அழியப் போகுது என்று கேட்பார்கள். என் உலகம் அழிகிறது என்று அவர்களிடம் எப்படிச் சொல்ல. இரண்டு தடவை பிள்ளைகள் மணி அடித்த பிறகுதான் உள்ளே போனார்கள். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனா உங்க ரூட்டை வேற ஆளுக்குக் கொடுக்கறதைத் தவிர எனக்கு வழியில்லைங்க என்று தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னால் வலிக்காதா. ஒன்றாம் வகுப்பில் ஒரு வாலு இருக்கிறாள், என் சீட்டுக்கு நேர் பின்னால்தான் உட்காருவேன் என்று தினமும் அடம் பிடிப்பாள், இறங்கும்போது என் முடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போவாள். அவளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்திருப்பதா? நீ கிளம்பிப் போன வருடம் இந்த வண்டி ஓட்டுகிற வேலை மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டிலேயே சார்ஜ் போட்டால் என்ன என்று ஒரு சாயங்காலம் கூடத்துப் பிளக்கில் சொருகிப் பார்த்தேன். டப் என்று ஒரு சத்தம், நம் வீடும் இருட்டு, பெரியப்பா வீடும் இருட்டு, இரண்டுக்கும் ஒரே லைன்தானே. பெரியப்பா டார்ச்சோடு வெளியே வந்தார், வண்டியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து தலையில் அடித்துக்கொண்டார். தனியாக ஒரு லைன் இழுத்து அதற்கென்று இருக்கிற சார்ஜரைச் சுவரில் மாட்ட வேண்டும், சும்மா சொருகினால் வண்டியோடு வீடும் எரியும் என்றார். அதற்கு ஆகிற செலவைக் கேட்டு எனக்கு நெஞ்சை அடைத்தது, அப்புறம் அவரே பாதியை அரசாங்கம் மானியமாகக் கொடுக்குதும்மா, மாசக் கடைசிக்குள்ள விண்ணப்பம் ஏத்துக்கிட்டாப் போதும் என்று சொல்லி உயிர் கொடுத்தார். வண்டி நிறுத்தச் சொந்த இடம் இருக்க வேண்டும், அந்த இடத்தில் பங்கு உள்ளவர்கள் யாரும் ஆட்சேபணை சொல்லக்கூடாது, இவ்வளவுதான் நிபந்தனை. இவ்வளவுதான் என்று மற்ற வீடுகளில் சொல்லலாம். நம் வீட்டில் வண்டி நிற்கிற பாதை அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது.

உனக்குத் தெரியாத கதை இல்லை, ஆனாலும் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. வாசல் கேட்டை உள்பக்கம் திறப்பதா வெளிப்பக்கம் திறப்பதா என்று ஆரம்பித்த சண்டை, நீ பள்ளிக்கூடம் முடித்த வருடத்திலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. கேட்டில் ஒரு கதவு பச்சை, ஒரு கதவு பழுப்பு, அவரவர் பாதிக்கு அவரவர் பெயிண்ட். பெரியம்மா போன பிறகு பெரியப்பாவுக்கும் இங்கிருந்துதான் சாப்பாடு போகிறது, ஒரே அடுப்பில் சமைத்ததை ஒரே நேரத்தில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், உப்பு குறைந்தால் இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம்தான் குறை சொல்கிறார்கள். உன் அப்பாவுக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு உன் அப்பா உள்ளே இருக்கிற ஆள். நடுவில் நான் ஒரு தபால்காரி.

அதனால் பெரியப்பாவிடம் சம்மதம் கேட்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். உன் அப்பாவைப் பற்றித்தான் ஊருக்கே தெரியுமே, கல்யாணத் துணி தைக்கிற அவசரத்தில் ரிப்பேருக்குக் கொடுத்த தையல் மெஷினைக் குழந்தைச் சட்டை தைக்கிற நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்கிற மனுஷன். பார்க்கலாம் பார்க்கலாம் என்றார். விண்ணப்பம் போகாமல் தட்டு வராது என்று எதிரே உட்கார்ந்துவிட்டேன். பசி வந்தால் எல்லாம் நடக்கும், அன்றைக்கே போட்டுவிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வேலையைச் சூட்டோடு சூடாகச் செய்தார், அதுவும் வினையாய் முடிந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு செய்தி வருகிறது, ஒரே வண்டி எண்ணுக்கு, ஒரே முகவரியிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள் வந்துள்ளன, போலி என்று சந்தேகிப்பதால் இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கிறோம், நேரில் ஆய்வு செய்வோம், பொய் என்று தெரிந்தால் இந்த முகவரிக்கு இனி மானியமே கிடையாது என்று.

என் வண்டி எண்ணை யார் திருடியது? டாக்ஸிக்காரர்களைச் சந்தேகப்பட்டேன், வண்டி விற்ற கடையைச் சந்தேகப்பட்டேன், பாவம் அந்த எலக்ட்ரீஷியனைக்கூட ஒரு மாதிரி பார்த்து வைத்தேன். உன் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. எல்லாம் பக்கத்து வீட்டு வேலைதான், எனக்குக் கிடைக்கக்கூடாதுன்னு எதையோ கிளப்பி விட்டிருப்பாங்க என்று ஒரே பிடியாக நின்றார். அப்படி இருக்காது என்று சண்டை போட்டுவிட்டு நேராகப் பெரியப்பாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன், தெருவில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர் அவர்தானே, இதற்கு என்ன செய்வது என்று கேட்டேன். அவர் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, பேப்பர் சிக்கிடுச்சும்மா, அப்புறம் பேசலாம் என்றார். பேப்பர் ஒன்றும் சிக்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாதை விஷயத்தில் ஆட்சேபணை ஏதாவது இருக்கா என்றும் கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. ஒருவேளை உன் அப்பா சொல்வது சரிதானோ என்று அன்றிலிருந்து எனக்குள் ஒரு முள். என் கையால் சாப்பிடுகிற மனுஷரைப் பற்றி இப்படி நினைக்கிறேனே என்று என்மேலேயே எரிச்சல், நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. இன்றைக்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் முன்னால் அவர் முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வண்டி நின்றுவிடும். இதோ கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார்கள் போல, அப்படியே வைத்துவிட்டுப் போகிறேன்.

திரும்ப வந்துவிட்டேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. வந்தது ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிமேல் வைத்துவிட்டு மளமளவென்று பாதையை அளந்தாள், மீட்டரைப் பார்த்தாள், அப்புறம் இரண்டாவது விண்ணப்பம் போட்டவர் யார் என்று பெயரைப் படித்தாள். உன் பெரியப்பா பெயர். உன் அப்பா என் பக்கம் திரும்பி, நான் சொன்னேன்ல என்றார். பெரியப்பா பழுப்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் அவரைப் பார்த்து, உங்ககிட்ட வண்டியே இல்லையே சார், எதுக்கு விண்ணப்பம் போட்டீங்க என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார், இவங்க வண்டிக்குத்தான்ம்மா, இருட்டோட இருட்டா தனியா அந்த ரோட்டுக்குப் போறாங்க, அன்னைக்குக் கரண்ட் போனப்பதான் எனக்கே விஷயம் புரிஞ்சுது, உள்ளே இருக்கிற ஆளை நம்பினா அவன் விண்ணப்பம் போடறதுக்குள்ள மானியமே முடிஞ்சிடும், வண்டி பேப்பர் நகல் எடுக்க இவங்க என் கடைக்கு வந்தப்ப ஒண்ணு கூடுதலா எடுத்து வெச்சேன், அவன் இவ்வளவு சீக்கிரம் போடுவான்னு நான் கனவா கண்டேன் என்று. சொல்லாமல் செய்து மாட்டிக்கொண்டோமே என்று முகம் சிவந்துவிட்டது அவருக்கு. நான் அங்கேயே அழுதுவிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெண் முன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பாவி, இவரைப் போய் நினைத்தேனே.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இது போலி இல்லைன்னு எழுதிக்கறேன், ஆனா ஒண்ணை வாபஸ் வாங்கணும், மத்தவர் சம்மதம்னு கையெழுத்துப் போடணும், சார்ஜர் எந்த இடத்துல வரணும்னு சுவர்ல ஒரு குறி போட்டா படம் எடுத்துக்கிட்டுப் போயிடுவேன் என்றாள். பெரியப்பா என்னைப் பார்த்து, என்னோடதை எடுத்துடச் சொல்லும்மா என்றார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். வழக்கம்போல என்னிடம் ஏதாவது சொல்வார், நான் அதை அங்கே சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்தார். உன்னோடது எதுக்குண்ணா எடுக்கணும், அதுதான் ஒழுங்கா இருக்கும், நான் அனுப்பின படமே மங்கல் என்றார். அண்ணா என்று கூப்பிட்டதை அவரே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். பெரியப்பா கவனித்தார். பழுப்புக் கதவை விட்டுவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்து, படம் எடுக்கறதுக்கு முன்னாடி போன் கண்ணாடியைத் துடைக்கணும்னு உனக்கு எப்பதான்டா தெரியப் போகுது என்று ஒரு கத்துக் கத்தினார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். சார்ஜரை இந்தச் சுவரில் மாட்டினால் வெயில் படும் என்று இவர், அந்தச் சுவரில் மாட்டினால் ஒயர் எட்டாது என்று அவர், உனக்கு என்ன தெரியும், உனக்கு மட்டும் என்ன தெரியும். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பொறுக்க முடியாமல் நானே உன் அப்பாவின் மேஜையிலிருந்து தையல் சாக்கட்டியை எடுத்துப் போய் அடுக்களை ஜன்னலுக்குக் கீழே ஒரு பெருக்கல் குறி போட்டேன். அங்க வேணாம், மழை பேஞ்சா ஒழுகும் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், சின்ன வயசில் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் இரண்டு பேருக்கும் படுக்கையாம், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். கடைசியில் நடுச்சுவர் முடிகிற தூணில் குறி போட்டார்கள், பெரியப்பா விண்ணப்பமே இருக்கட்டும் என்று முடிவாகி, உன் அப்பா தன்னுடையதை வாபஸ் வாங்கிச் சம்மதக் கையெழுத்துப் போட்டார், பத்து நாளில் ஆணை வந்துவிடும் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கிளம்பிவிட்டாள். அவள் போயும் வெளியே சத்தம் ஓயவில்லை, இப்போது ஒயர் எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று நடக்கிறது. தெருவே எட்டிப் பார்க்கிறது, பார்க்கட்டும், நான் போய் விலக்கப் போவதில்லை.

பிள்ளைகளைக் கூட்டி வர நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, ஷிப்ட் முடிந்து வந்தால் போனை நோண்டாமல் தூங்கு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்து நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஒரு தடவை, பெரியப்பாவுக்கு ஒரு தடவை என்று கூப்பிட்டு ஒரே கதையை இரண்டு முறை சொல்வாயே, இந்த வாரம் ஒரே ஒரு தடவை கூப்பிடு. யார் எடுத்தாலும், உங்க தம்பியைக் கூப்பிடுங்க, உங்க அண்ணனைக் கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டுக் காத்திரு. நான் எழுந்து போய்க் கூப்பிட மாட்டேன்.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்
உன் அம்மா