இலைக்குள் குடியிருப்போர்

மாசி 3, திங்கள்
மழை இல்லை. காலைப் பூசை முடிந்தது; பூ குறைவு. நாங்கள் கன்று வளர்த்து விற்கும் தவறணையில் தேயிலைக் கன்றுகள் நண்பகலில் தலை சாய்க்கின்றன. பங்குனி மழைக்குள் அவை விற்கும் பதத்துக்கு வராவிட்டால், கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போவதாக மகள் செல்வி. அந்த வீட்டு நோனா, சிங்கள எசமானி, ஓயாமல் அழைக்கிறார்.

கௌரி வந்தார். தேயிலை ஆய்வு அதிகாரி, யாழ்ப்பாணத்துப் பெண். ஒரு போத்தல் தந்தார். மலைப்பாறை மேல் எவரும் நீரூற்றாமலே பச்சையாக நிற்கும் பழைய தேயிலைச் செடி. போத்தலில் இருப்பவை அதன் இலைக்குள் வாழும் நுண்ணுயிர்களாம். வேர்வழியே கன்றுக்குள் புகுந்து குடியிருந்தால் வறட்சியைத் தாங்க உதவுமாம். வியப்பு. உயிருக்குள் உயிர் என்று நாள்தோறும் ஓதுகிறேன். இலையைப் பார்த்து ஒருநாளும் எண்ணியதில்லை.

வாங்க: திரி, கற்பூரம், மூட்டுவலித் தைலம்.

மாசி 4, செவ்வாய்
வெயில் கடுமை. செல்வி கொடகவெல நகருக்குப் போய்விட்டாள். போத்தலை நீரில் கலந்து ஊற்றும் பணி எனக்கு. திறந்தால் புளித்த மாவு வாடை. கைக்கு அகப்பட்டது பிள்ளையாரை நீராட்டும் குடம் ஒன்றே. அதில் கிருமியை எப்படி? ஆகவே கொதிநீரில் மஞ்சள் கரைத்து, போத்தலையும் அதில் கவிழ்த்து, ஆறவைத்து, பதிகம் ஓதி ஊற்றினேன். மனநிறைவு.

மாசி 5, புதன்
ஊற்றியாயிற்றா என்று பார்க்கக் கௌரி மீண்டும். செய்த முறையைச் சொன்னேன்.

"ஐயா, என்ன வேலை செய்தனீங்கள்! குடியிருக்க வந்ததுகளை அவிச்சுப் போட்டியளே!"

செல்வி: "ரசம் வச்சிருக்காருங்க மிஸ். பெருங்காயம் மட்டுந்தான் போடல."

சிரித்தாள். பிறகு உள்ளே போய்ப் பயணப் பெட்டியைத் தூசி தட்டினாள். அந்த ஓசை தாங்கவில்லை.

வேறு போத்தல் இப்போதைக்கு இல்லை. பாறைச் செடியின் அடிமண்ணிலும் அவற்றுள் சில இருக்கலாம், உறுதி இல்லை என்றார் கௌரி. சாக்கை எடுத்துக்கொண்டு ஏறினேன். இருமுறை வழுக்கல். மண்ணோடு இறங்கி, கை கழுவப் போனேன்.

"அப்பா! கழுவாதீங்க! அப்படியே வந்து கலங்க! மஞ்சள் பக்கம் போனீங்க, அவ்வளவுதான்!"

கலந்தோம், ஊற்றினோம். நகக்கண்ணில் மண்ணோடு, நீராடாமலே மாலை விளக்கு. பிள்ளையார் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

மாசி 26, புதன்
இன்னும் மழை இல்லை. நண்பகலில் தவறணைக்குப் போய்ப் பார்த்தேன். ஓரத்து வரிசை கருகல். மற்றவை நிமிர்ந்து, புதுத் தளிரோடு. பாறை மண்ணின் உயிர்களா, இதற்கிடையே செல்வி கட்டிய நிழல்வலையா? பரிசோதித்தால்தான் தெரியும் என்கிறார் கௌரி. சில இலைகள் பறித்துப் போயிருக்கிறார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஒரு தளிரைத் தொட்டு, உள்ளே இருப்போருக்கு ஒரு வணக்கம்.

செல்வி கன்றுகளுக்கு நடுவில் நின்று, தொலைபேசியில்: "நோனா, மம என்னே நெஹெ."

வரமாட்டாளாம். அந்த அளவுக்குச் சிங்களம் எனக்குத் தெரியும்.