புதியவர் இருவர்

ஜூலை 14, திங்கள்
காலையிலிருந்து மழை. பாலிகஞ்ச் ஸ்டேஷன் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். செருப்பு போச்சு.
என்னோடு கணக்கு எடுக்கும் ரீனா-திக்குக் (இங்கே அக்காவை 'தி' என்பார்கள்) காய்ச்சல். அவருடைய 11-B கணக்குத் தாள்களை நான் திருத்த வேண்டும். என் மகள் நித்யாவின் தாளை மட்டும் எடுத்துவிட்டுத் தந்திருக்கிறார். நல்ல மனுஷி.
வாங்க வேண்டியவை: பால், கறிவேப்பிலை, நித்யாவுக்கு ரெயின்கோட்.

ஜூலை 15, செவ்வாய்
தாள்கள். வகுப்பிலேயே பெயர் போடாத சீட்டு வாங்கி எடுத்த கணக்கு. கேள்வி இரண்டு: பள்ளிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டதா? டிபன் நேரத்தில் தனியாகச் சாப்பிடுகிறாயா? மொத்தம் 40 பேர்.
புதியவர்: தனியாக 1, சேர்ந்து 1
பழையவர்: தனியாக 3, சேர்ந்து 35
புதியவர் என்றால், அவர் தனியாகச் சாப்பிடும் நிகழ்தகவு என்ன? பாதி வகுப்பு 1/4 என்று எழுதியிருக்கிறது. தனியாக இருக்கும் நான்கு பேரால் வகுத்திருக்கிறார்கள். புதியவர் இரண்டே பேர், இரண்டால்தான் வகுக்க வேண்டும். 1/2. சிவப்புப் பேனா தீர்ந்தது.
அப்புறம்தான் உறைத்தது. அந்த வகுப்பில் புதியவர் யார் யார்? ராணுவ வீட்டுப் பெண் ஹர்ப்ரீத். இன்னொருத்தி என் நித்யா.
டப்பா தினமும் காலியாகத்தானே வருகிறது? தனியாக உட்கார்ந்தால் சாப்பிடவே மாட்டாளே, எங்கே கொட்டுகிறாள்?

ஜூலை 16, புதன்
இவருடைய ஆபீஸ் ஃபாரம் மேஜையில். கல்கத்தாவிலேயே இன்னும் இரண்டு வருஷம் கேட்பதா, மாற்றல் வாங்கிக்கொண்டு போவதா, வெள்ளிக்குள் சொல்ல வேண்டும்.
"கையெழுத்துப் போடாதீங்க. பொண்ணு தனியா உட்கார்ந்து சாப்பிடுறா."
"அவ சொன்னாளா?"
"கணக்கு சொல்லுது."
போடவில்லை.

ஜூலை 17, வியாழன்
மழை விட்டது. நித்யாவிடம் கேட்டே விட்டேன்.
"ஆரே, அது நான் இல்லம்மா. ஹர்ப்ரீத். நான் ஸ்ரேயா கேங்கோட உட்காருவேன்."
"அவளையும் கூப்பிடலாமே?"
"கூப்பிட்டா என்னையும் சேர்த்து ஒதுக்கிடுவாங்க." தலையைத் தூக்கவில்லை.
முதலில் வந்தது நிம்மதிதான். அப்பாடா, என் பிள்ளை இல்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருபது வருஷமாகக் கணக்கு டீச்சர். பாதிக்குப் பாதி என்று நானே சிவப்பில் எழுதிவிட்டு, நித்யாதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த இன்னொரு பெண்ணைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஜூலை 18, வெள்ளி
வெயில். இவர் கையெழுத்துப் போட்டார்.
எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். நித்யா சின்ன டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுப் பெரியதை எடுத்து நீட்டினாள். நிரப்பினேன்.
"போறாதும்மா, இன்னும் வை. ரெண்டு பேருக்கு."