நீ கேட்ட லென்ஸும் மஸாஹிரின் போட்டும்

கண்டக்குழி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸுஹைராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் தம்பி ஸுஹைபும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், தோஹாவில் நீயும் மருமகனும் அல்லாஹ்வின் காவலில் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். முதலில் உறுதியான செய்தி. கடலில் காணாமல் போன அத்தாஉல்லாவின் ஜனாஸா கிடைத்துவிட்டது. நேற்றுக் காலை உச்சமுனைக் கரையில் ஒதுங்கியிருந்தது, அடையாளம் காட்டியவர் அவருடைய மச்சான் நௌஃபர், நீரில் மூழ்கி மரணம் என்று திடீர் மரண விசாரணை அதிகாரி சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம். இதற்கு மேல் ஃபேஸ்புக்கில் வருவது எதையும் உறுதி என்று எடுக்காதே.

நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். அத்தாஉல்லா தாழ்ந்துகொண்டிருந்ததை மஸாஹிர் பக்கத்துப் போட்டில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாரா என்பது ஒன்று. தம்பிக்கு வீடியோ எடுக்க இன்னும் நீளமான சூம் லென்ஸ் வாங்கி அனுப்பவா, 35 மில்லிமீற்றர் லென்ஸ் அனுப்பவா என்பது மற்றது. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருப்பதால் ஃபோனில் சொல்லாமல் எழுதுகிறேன், நீ ஆறுதலாக வாசிக்க வேண்டும். ஃபேஸ்புக்கில் நீ பார்த்த அந்த வீடியோவை எடுத்தது நம்முடைய ஸுஹைப். சுற்றுலா விடுதிக்காகக் கடலில் பட்டம் பிடித்துப் பலகையில் ஓடுகிற வெள்ளைக்காரர்களை எடுக்கப் போயிருந்தான். அவர்கள் தூரத்தில் ஓடுவார்கள், கரையில் நின்று ஆளை நிறைவாகப் பிடிக்க வேண்டும் என்றால் நீ போன வருஷம் அனுப்பிய 300 லென்ஸைக் கடைசி வரை இழுக்கத்தான் வேண்டும், அந்த வேலைக்கு அது சரியான லென்ஸ்தான். வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரில் போட்டபோதுதான் பட்டக்காரனுக்குப் பின்னால் கவிழ்ந்த போட்டையும் அதைப் பிடித்தபடி ஒரு கையைத் தூக்கிய அத்தாஉல்லாவையும் கண்டான். அதை ஒட்டினாற்போல மஸாஹிரின் பச்சைப் போட்டு. இரவே பதறிப்போய் அதை அப்படியே ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான், ஆளைத் தேட உதவும் என்று நினைத்தானாம். விடியும்போது யாரோ மஸாஹிரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் கீறி ஊரெல்லாம் பரப்பியிருந்தார்கள். தம்பி அழித்தும் பயன் இல்லை.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டு போட்டுக்கும் நடுவில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. அது நூல் இல்லை மகள், அதுதான் கல்பார், கச்சான் காற்றுக் காலத்தில் அலை உடைகிற கடலடிப் பாறைத் திட்டு முழுவதும். தேடப் போன போட்டில் நானும் போனேன். கவிழ்ந்த போட்டின் நங்கூரம் பாருக்கு உள்ளே கிடந்தது, மஸாஹிரின் வலை மிதவை பாருக்கு வெளியே கிடந்தது, இடையில் அரை மைலுக்குக் குறையாது. கரைக்கு முதுகு காட்டி வலை இழுத்துக்கொண்டிருந்ததாகவும் அலைக்கு மேலால் ஒன்றும் தெரியவில்லை என்றும் மஸாஹிர் சொல்கிறார். நான் உறுதிப்படுத்தியது தூரத்தை மட்டும். படத்தில் அவர் முகம் எந்தப் பக்கம் என்று தெரியாதபடி கலங்கித்தான் இருக்கிறது, பார்த்தார் என்று எவராலும் சொல்ல முடியாது, பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் போன மாதம் அத்தாஉல்லாவின் எஞ்சின் மஸாஹிரின் வலையை அறுத்த சண்டை எல்லோருக்கும் தெரியும், அதனால் ஊர் முடிவெடுத்துவிட்டது. கடலில் தூக்கிய கையைக் கண்டும் அணியத்தை அந்தப் பக்கம் திருப்பாதவனின் போட்டுக்கு இங்கே யாரும் தோள் கொடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். பத்துப் பேர் தள்ளாமல் போட்டு மணலை விட்டு இறங்காது. அவர் தனியாகத் தோளைக் கொடுத்து நிற்பதை நான் பார்த்தேன், சுற்றியிருந்தவர்கள் வலையைத் தைத்தபடி இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தம்பியும் நானும் கடற்கரையில் இரண்டு எண்ணெய்ப் பீப்பாயைத் தூரத் தூர வைத்து எடுத்துப் பார்த்தோம். எட்டி நின்று நீள லென்ஸில் எடுத்தால் இரண்டும் ஒட்டி நிற்கின்றன. சின்ன லென்ஸைப் போட்டுக் கிட்டே போய் எடுத்தால் இரண்டாவது பீப்பாய் எங்கேயோ போய்விடுகிறது. சரியாகச் சொன்னால் குற்றம் லென்ஸில் இல்லை, எட்டி நிற்பதில்தான், எட்டி நிற்க விடுவது அந்த லென்ஸ். இதைப் பள்ளிவாசல் முன்னால் காட்டினோம். நௌஃபர் பார்த்துவிட்டு, "நேத்து கெமரா பொய் செல்லாது எண்டீங்க, இண்டைக்கு கெமராவுக்கு கண் நோவா, பதியுதீன் நானா?" என்று கேட்டார், பின்னால் சிரித்தார்கள். "மகன் தீயைப் பத்தவெச்சான், வாப்பா வாளியோட வாரார்" என்றும் ஒரு குரல் வந்தது. அன்றைக்கு ஜனாஸாகூடக் கிடைக்காத வீட்டு ஆளோடு என்ன வாதம், கெமராவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

நேற்று அடக்கம் முடிந்த கையோடு உம்மா அத்தாஉல்லாவின் மனைவி றைஸாவிடம் போனாள். கணவனை இழந்து இத்தாவில் இருக்கிற அந்தப் பிள்ளை அழவில்லையாம். "அலீமா மாமி, மஸாஹிர் நானா கண்டாரோ இல்லையோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இன்னொருத்தரும் இரிந்தாரே, உங்கட மகன். அவரு என்ன செஞ்சாரு?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். உம்மா இதைச் சொன்னபோது தம்பி அறைக்குள் இருந்தான், கேட்டுவிட்டான். கெமராத் திரையில் வெயில் விழுந்து பட்டக்காரனைத் தவிர எதுவும் தெரியவில்லை என்று என்னிடம் சொன்னான். நான் நம்புகிறேன். ஆனால் மஸாஹிர் சொல்வதும் அதேதான் மகள், கண்ணுக்குத் தெரியவில்லை என்று. ஒருவரை நம்பி ஒருவரை நம்பாமல் இருக்க எனக்கு வழியில்லை. கரையிலிருந்து கவிழ்ந்த இடத்துக்கு உள்ள தூரம் மஸாஹிரின் தூரத்தை விடக் குறைவு. புதன்கிழமை நீதிமன்றத்தில் தம்பி சாட்சியாக லென்ஸைப் பற்றிச் சொன்னால் மஸாஹிருக்குப் போட்ட வட்டம் இவனைச் சுற்றி வரும், இது அவனுக்கும் விளங்கும். விடுதிக்காரர் சாட்சிக்குப் போக வேண்டாம் என்று தடுக்கிறார். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இன்று சுபஹு தொழுகைக்குப் பிறகு அவனாகவே நீதிமன்றத்தில் கொடுக்க மெமரி கார்டைக் கழற்றி உறையில் போட்டு ஒட்டினான்.

நீள லென்ஸ் அனுப்பாதே. 35 போதும். மங்கல் வெளிச்சத்தில் கல்யாண வீட்டுக்குள் எடுக்க அதுதான் நல்லது, சூமை இழுக்க இழுக்க வெளிச்சம் குறைகிறது, ஃபோகஸ் மோட்டார் கரகரவென்று ஒலியிலும் விழுகிறது, வாங்கும்போது சத்தம் வராததா என்று கடையிலேயே கேட்டுப் பார். ஆனால் அவசரம் இல்லை, இப்போது அவன் கெமராவைத் தொடுவதில்லை, சோறும் சரியாகத் தின்பதில்லை. உன்னிடம் கதைத்தால் கொஞ்சம் ஆறுவான். அந்த வீடியோவுக்குக் கீழே யாருக்காகவும் எதுவும் எழுதிவிடாதே, மருமகனிடமும் சொல்லு. மாத்திரையை நேரத்துக்குப் போடு. ஈமானையும் பொறுமையையும் அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நிறைவாகத் தரட்டும். றைஸாவின் பிள்ளைகளுக்காகவும் துஆ கேள்.

ஜனாஸாவைச் சோதித்த வைத்தியரின் முழு அறிக்கை மாதக் கடைசியில் வரும் என்கிறார்கள். மஸாஹிரின் விஷயத்தை மீனவர் சங்கம் வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு எடுக்கும். அதற்கு முன், புதன்கிழமை காலை, புத்தளம் நீதவான் முன்னால் ஸுஹைப் சாட்சி சொல்ல வேண்டும். லென்ஸைப் பற்றி அவன் என்ன சொல்லப் போகிறான் என்பது எனக்குத் தெரியும். றைஸாவின் கேள்வியை நீதவானும் கேட்டால் என்ன சொல்வான் என்பது இன்னும் தெரியாது.

உன் வாப்பா
பதியுதீன்