23ஆம் இலக்கக் கொட்டகையில் ஆள் இருக்கிறார்

அனுப்புநர்:
செல்வி பவுலின் ஞானரட்ணம்,
உதவி ஆசிரியை,
செங்கல்மலைத் தோட்டப் பாடசாலை,
நானுஓயா.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பட்டினசபை,
பாலத்தடிக்கடை.

பொருள்: ஸ்டேஷன் வீதி 23ஆம் இலக்கக் கொட்டகையை இடிப்பதை நிறுத்தி வைக்கவும், எனது பதிவைத் திருத்தவும் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த ஏப்ரல் விடுமுறையில் சபை நடத்திய கட்டடக் கணக்கெடுப்பில் ஸ்டேஷன் வீதி எனக்குத் தரப்பட்டது. கதவுகளில் சுண்ணாம்பால் இலக்கமிட்டு, வசிப்போர் தொகையைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். முன்பு தேயிலைப் பெட்டிகள் வைத்திருந்த பழைய கொட்டகைக்கு 23 என்று இலக்கமிட்டு, "ஆள் இல்லை" என எழுதினேன். அது பிழை.

2. அங்கே மீனம்மா என்பவர் நான்கு வருடங்களாக வசிக்கிறார். எங்கள் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். கணவர் இறந்து, விரல்களும் மடங்காமற் போனபின் தோட்டத் தொழிலாளர் பெயர்கள் உள்ள செக்ரோலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. பெயர் போனால் குடியிருக்கும் லயக் காம்பராவும் போகும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இப்போது கடைவாசல்களைக் கூட்டிச் சாப்பிடுகிறார்.

3. அவரை நான் காணவில்லை என்று சொல்ல இயலாது. கொட்டகைக்குக் கதவில்லை. கொழுந்தெடுக்கையில் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கையே வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். தூணில் எழுதுவதற்காக அதை நான் ஒதுக்கினேன். உள்ளே அடுப்புப் புகைந்தது. மழை தூறியதால் சுண்ணாம்பு டப்பாவை மீனம்மா வாங்கி, நான் எழுதி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். நன்றி சொல்லிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போனேன். எங்கோ தூரதேசத்து ஏழைகளைப் பற்றி வாசித்து அழுதிருக்கிறேன். பாடசாலைக்குப் போகும் வழியில் தினமும் காணும் இவர் என் கணக்கில் வரவில்லை.

4. ஆளில்லாக் கட்டடங்கள் இடிக்கப்படும் என்ற அறிவித்தலைச் சபையார் அந்தத் தூணில் ஒட்டிய பிறகே என் பிழை எனக்கு விளங்கியது. "என்னங்க டீச்சரம்மா ஒட்டிருக்காங்க, கூப்பன் அரிசி ஏதும் கூட்டிட்டாங்களா?" என்று அவர் கேட்டார். வாசித்துச் சொன்னேன். "நீங்க வந்தப்ப நான் இங்கனதானேங்க நின்னேன்" என்றார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

5. மூன்று முறை அலுவலகம் வந்தேன். "நீங்களே ஆள் இல்லைன்னு எழுதிட்டு, இப்ப நீங்களே ஆளைத் தூக்கிட்டு வாறீங்களே டீச்சர்" என்று இலிகிதர் சிரித்தார். கடைசி முறை மீனம்மாவும் வந்து மேசைக்கு எதிரே நின்றார். இலிகிதர் கடைசிவரை என்னிடமே பேசினார். இலிகிதரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை.

6. ஆகவே, வசிப்போர் ஒருவர் எனப் பதிவேட்டைத் திருத்தி, அவருக்கு வேறோர் இடம் கிடைக்கும்வரை கொட்டகையை விட்டுவைக்குமாறு தயவுடன் வேண்டுகிறேன். பிழைக்குரிய தண்டனை எதுவாயினும் என்னைச் சேரட்டும்.

7. இடிப்பதற்குக் குறித்த நாள் இம்மாதம் 16ஆம் திகதி. அன்றைக்குப் பாடசாலையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குள் தங்கள் பதில் வராவிட்டால், காலை ஆறு மணி முதல் மீனம்மாவுடன் நானும் கொட்டகைக்குள் இருப்பேன். வேலையாட்களுக்கு இதை முன்கூட்டியே அறிவித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) பவுலின் ஞானரட்ணம்

இடம்: செங்கல்மலைத் தோட்டம்
திகதி: 9.8.1961