உன் புது வீட்டுப்பேருக்கு அர்த்தம்

நெய்யூர்,
1934 நவம்பர் 19

என் அன்பு மகள் விக்டோரியாவுக்கு அம்மை எழுதிக்கொண்டது.

நான் சுகம் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன், அதைப் பார்க்காமல் நீ அடுத்த வரிக்குப் போகமாட்டாய். நீயும் மருமகப்பிள்ளை எட்வினும் குழந்தை செசிலியும் உன் மாமியாரம்மாளும் கொழும்பில் கர்த்தருடைய காவலில் நன்றாயிருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குழந்தைக்குப் பல் முளைக்கிறதாக எழுதியிருந்தாய், எச்சில் வடிந்து நெஞ்சு நனையவிடாதே, சட்டையை மாற்றிக்கொண்டே இரு. இங்கே துலாமழை விட்டபாடில்லை. போர்டிங் பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை கண்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தனை பேருக்குக் கஞ்சி வைத்த அடுப்பில் இப்போது எனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி வேகிறது, அதையும் பாதி மீத்துக் காக்கைக்குப் போடுகிறேன். முந்தாநாள் கொஞ்சம் உப்புத் தாரும் என்று யாரோ பிள்ளை கூப்பிட்டதுபோல இருந்தது, கையில் உப்போடு வெளியே வந்து பார்த்தால் ஓட்டிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம்தான்.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். ஜனவரியில் நீங்கள் எல்லோரும் கன்னியாகுமரி பார்க்க வருகிறீர்கள் என்று வாசித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். பிறகுதான் அடுத்த பக்கத்தைப் பார்த்தேன். அந்த நாட்களில் நான் இரணியலில் மாமா வீட்டில் போய் இருக்கவேண்டும், பள்ளிக்கூட வேலையைச் சரீர சுகமில்லாமல் விட்டுவிட்டதாகச் சொல்லவேண்டும், நெய்யூர்ப் பக்கம் உன் மாமியாரைக் கூட்டிவராமல் நீ பார்த்துக்கொள்வாய் என்று எழுதியிருந்தாய். நீ சொன்னதற்காக மாமாவிடம் போய்க் கேட்டேன். மாமா சிரித்துக்கொண்டே, “வீடு சும்மாதானே கெடக்கு ஞானம், ரெண்டு நாளு வாத்தியாரம்மையா இருந்துட்டுப் போயேன்” என்றார். அத்தை ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “இதுல இரி பாப்போம், வாத்தியாரம்மை மாரி இருக்கியான்னு” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் உட்காரவில்லை, குடையை எடுத்துக்கொண்டு மழையிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

மகளே, செசிலியின் ஞானஸ்நானத்துக்கு நான் கொழும்புக்கு வந்ததை நினைத்துப் பார். வண்டியும் கப்பலும் ஏறி, கடலைப் பார்த்துப் பயந்து வாந்தியெடுத்து, உன்னைக் கண்டால் போதும் என்று வந்தேன். முதல் நாள் உன் மாமியாரம்மாள் தனக்குத் தெரிந்த தமிழில் எந்தக் கிளாஸுக்குப் பாடம் சொல்லுகிறீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் நீ நாலாம் கிளாஸ் என்று சொல்லிவிட்டாய். நானும் தலையை ஆட்டினேன். அதன்பிறகு அங்கே இருந்த நாளெல்லாம் கஞ்சி கொட்டி வெந்த தழும்பு தெரியாமல் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டே இருந்தேன். உங்கள் சமையல்காரன் மீனைக் கழுவுகிற லட்சணம் ஜன்னல் வழியாகத் தெரியும், எழுந்து போய் வாங்கிக் கழுவக் கை துடிக்கும், நீ கண்ணால் உட்கார் என்பாய். பெற்ற பிள்ளையின் வீட்டில் ஒரு வாய்க் காப்பி போட்டுக்கொடுக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். இங்கே தனியாயிருப்பது பழகிப்போனது. அங்கே உன் பக்கத்திலேயே இருந்து தனியாயிருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது உன் மாமியார் கோக் என்கிற தங்கள் வீட்டுப்பேரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்கள். ஒல்லாந்துக் கம்பெனிக் காலத்தில் ஜெர்மனி தேசத்திலிருந்து பட்டாளத்தோடு வந்த ஒரு மனிதர் தங்களுக்கு மூதாதை என்றும், அது பழமையான பெயர் என்றும் சொன்னார்கள். அர்த்தம் அவர்களுக்கும் தெரியாது. எனக்கு இப்போது தெரியும். மலபாரில் வேலை செய்கிற ஒரு ஜெர்மன்கார சிஸ்டரம்மா இங்கே ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்து, காய்ச்சலில் படுத்து, போன வாரம் முழுவதும் மிஷன் பங்களாவில் இருந்தார்கள். கஞ்சி கொண்டுபோனது நான்தான். உனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்கள். ஒரே மகள், நர்ஸாகக் கொழும்புக்குப் போனவள், அங்கே கல்யாணமாகி இப்போது மிசஸ் கோக் என்று சொன்னேன். அந்த அம்மாள் இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார்கள். நாம் சொல்வதுபோல இல்லை, தொண்டையிலிருந்து கோஹ் என்று சொல்லி, என் கையிலிருந்த கஞ்சிப் பாத்திரத்தைத் தொட்டுக் காட்டி, “கோஹ் என்னு பறஞ்ஞால் குசினிக்காரன், நின்டெ ஜோலி தன்னெ” என்றார்கள்.

சமையல்காரன் என்று ஒரு வீட்டுப்பேரா, நான் நம்பவில்லை. பிறகு விளக்கமாகச் சொன்னார்கள். முற்காலத்தில் அவர்கள் தேசத்திலும் ஒருவருக்கு ஒரே பேர்தானாம். ஊரில் பத்து யோவான் இருந்தால் எந்த யோவான் என்று கேட்கவேண்டி வருமல்லவா, மாவு அரைக்கிற யோவான், துணி தைக்கிற யோவான், சமைக்கிற யோவான் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தொழிலே வீட்டுப்பேராக நின்றுவிட்டதாம். மகன் அடுப்புப் பக்கமே போகாவிட்டாலும் அவனுக்கும் அதே பேர். முதல் ஆள் அரண்மனையில் சமைத்தானோ மடத்தில் சமைத்தானோ வழிச்சத்திரத்தில் சமைத்தானோ யாருக்கும் தெரியாது. இன்றைக்கு அந்தத் தேசத்தில் எங்கே திரும்பினாலும் இந்தப் பேர்தானாம். அவர்கள் ஊரில் மருந்துக்கடைக்காரர் கோக், தபால்காரர் கோக், கோவிலில் ஆர்கன் வாசிக்கிறவரும் கோக், ஒருவருக்கொருவர் உறவே கிடையாதாம். அதைக் கேட்டு ஒருத்தரும் முகம் சுளிக்கிறதில்லையாம். இங்கே என்னைக் கஞ்சி ஞானம் என்கிறார்களே, அங்கே பிறந்திருந்தால் அதுவே உனக்கும் வீட்டுப்பேராக வந்திருக்கும். அடுக்களைக்கு வந்து உட்கார்ந்தபிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. கூடச் சிரிக்க ஒரு ஆள் இல்லாததால் அதிக நேரம் சிரிக்க முடியவில்லை.

இதை உன் மாமியாரிடம் சொல்லி வாயை அடைக்கலாம் என்று ஒரு நினைப்பு எனக்கே வந்தது. அப்படி நீ செய்யாதே. அந்த அம்மாள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, நான் புறப்படும்போது தன் கையால் பின்னின சால்வையைப் போர்த்திவிட்டார்கள். அவர்களா உன்னைப் பொய் சொல்லச் சொன்னார்கள்? சொன்னது நாம் இரண்டு பேரும். நீ ஏன் சொன்னாய் என்பது எனக்குத் தெரியாததல்ல. உன் அப்பன் காலராவில் போனபிறகு இந்த அடுப்படியில்தான் நீ வளர்ந்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை உன்னைக் கஞ்சிக்காரி மவளே என்று கூப்பிட்ட நாளிலிருந்து நீ அடுக்களை வழியாக வராமல் கிணற்றைச் சுற்றி வகுப்புக்குப் போனாய். நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் உனக்கு இன்னும் அவமானமாகுமே என்று கூப்பிடவில்லை.

ஆனால் ஜனவரியில் நான் இரணியலுக்குப் போகமாட்டேன், மாமாவிடமும் சொல்லியனுப்பிவிட்டேன். பிள்ளைகள் அதற்குள் திரும்பிவிடுவார்கள், அவர்களுக்குப் பசிக்கும். நீங்கள் வந்தால் நான் அடுக்களையில்தான் இருப்பேன். உன் மாமியார் கேட்டால் உள்ளதைச் சொல்லுவேன், கேட்காவிட்டாலும் என் கை சொல்லிவிடும். அதற்கு முன்னால் நீயே சொல்லிவிட்டால் நல்லது, முதலில் எட்வினிடம் சொல்லு, அவர் நல்ல மனுஷன், பொறுத்துக்கொள்வார். இந்தக் கோபத்தில் நீங்கள் ஒருத்தரும் வராமல் போனால் என்ன செய்வாய் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் செய்யமாட்டேன். விடிந்தால் கஞ்சி வைப்பேன், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவேன், தபால்காரர் டைட்டஸ் வருகிற நேரத்துக்கு வெளியே வந்து நிற்பேன். செசிலி நடக்கத் தொடங்கினாளா என்று அவரிடமா கேட்க முடியும்? உன் கடிதமும் நின்றுபோகுமோ, அது ஒன்றுதான் பயம்.

தேவன் உன்னையும் உன் வீட்டாரையும் வருகிறபோதும் போகிறபோதும் காப்பாராக. வருவதானால் தலைமன்னாரில் கப்பல் ஏறுமுன் குழந்தையின் காதை மூடிக் கட்டு, காற்று மோசம். பச்சைத் தண்ணீர் கொடுக்காதே. உன் மாமியாருக்குக் காரம் எந்த மட்டுக்கு ஆகும் என்று மறக்காமல் எழுது, அவர்களுக்குத் தனியாக ஒரு கறி வைக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மை
ஞானம்,
பெண்பிள்ளைகள் போர்டிங் சமையல்காரி.