தப்புக்கு ஒரு இஞ்சி மரப்பா

சார்,

ஆசிரியர் அறை அலமாரியில் இருந்த உங்கள் தகர டப்பாவைத் திறந்தேன். இஞ்சி வாசனை தூக்கியடித்தது. நீங்கள் கண்மூடி மூன்று மாதமாகிறது. உங்கள் வகுப்பும் டப்பாவும் இப்போது என்னிடம்தான்.

இங்கே வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் சரக்குப் பெட்டிகளை எண்ணியே கணக்குப் படித்த தமிழர் நீங்கள். ஞாயிறுதோறும் நீங்களே அடுப்படியில் நின்று மரப்பா கிளறுவீர்கள். தினமும் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்புப் போடுவீர்கள். கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு ஒரு மரப்பா. நிஜமாகவே தவறிவிட்டால் அதை ஒப்புக்கொண்டு இரண்டு கொடுப்பீர்கள். "வாத்தியாரே தப்புப் போட்டா வெளங்கினாப்லதான்" என்று பக்கத்து வகுப்பிலிருந்து நான் சிரித்திருக்கிறேன்.

"தப்பைப் பிடிக்கத் தெரிஞ்ச பிள்ளை கணக்குக்குப் பயப்படாது, டீச்சர்" என்பீர்கள்.

உங்கள் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கத் தலைமையாசிரியை வகுப்புக்கு வந்தார். நானும் அவருடன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்காவது ஒழுங்காக இருங்கள் என்று முன்பே கெஞ்சியிருந்தேன். கேட்டால்தானே! 7 × 8 = 54 என்று எழுதிவிட்டுத் திரும்பினீர்கள். ஒரு கையும் எழவில்லை. சாருக்கு வேலை போய்விடுமே என்று நாற்பது பிள்ளைகளும் வாயை இறுக்கிக்கொண்டார்கள். முந்தின நாள் மரப்பா வாங்கிய பெண் கூரையைப் பார்த்தாள்.

"நல்லாப் பாருங்கப்பா" என்று பிள்ளைகளின் வங்க மொழியிலேயே மன்றாடினீர்கள்.

"ரொம்பச் சரி சார்!" என்றது மொத்த வகுப்பும்.

உங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில் தலைமையாசிரியையே கையைத் தூக்கி, "ஐம்பத்தாறு" என்றார். நீங்கள் நேராக வந்து அவர் உள்ளங்கையில் ஒரு மரப்பாவை வைத்தீர்கள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதை மென்றுகொண்டேதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

இன்று என் கணக்கில் கழித்தல் குறி விட்டுப்போயிற்று. முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "வேணும்னே போட்டீங்களா மிஸ்?" என்றாள். தப்பே செய்யாதவள் என்று இருபது வருஷமாகப் பேர் வாங்கியவள் நான். 'ஆமாம்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லம்மா, நிஜமாவே தப்பு" என்றேன். ஒட்டிக் கிடந்த மரப்பாவைப் பிய்த்து இரண்டு கொடுத்தேன். அதற்குள் வகுப்பு முழுவதும் பலகையில் அடுத்த தப்பைத் தேடத் தொடங்கிவிட்டது.

என் லட்சணத்துக்கு டப்பா இந்த வாரமே தாங்காது, சார். ஞாயிற்றுக்கிழமை இஞ்சி வாங்கி நானே கிளறப் போகிறேன். பாகு பதம் தப்பினால் சொல்லத்தான் நீங்கள் இல்லை.