விரிசலோடு போடிமெட்டுக்கு

1958 பிப். 4, செவ்வாய்

பனி. எட்டு மணிக்கும் மலை தெரியவில்லை. ஞாயிறன்று பந்தயம். அடிவாரத்து முந்தலிலிருந்து மலையுச்சிப் போடிமெட்டு வரை, ஒவ்வொரு வண்டியாக, கடிகாரம் பார்த்து. நண்பர்கள் ஐந்து பேர், ஐந்தும் பழைய கார். என்னுடையதுதான் மூத்தது. சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரை விட்டுச் சென்றது. வண்டிக்கு இருபத்துநாலு வயது.

மாற்ற வேண்டியவை: பிளக், பெல்ட், பிரேக் கட்டை. பெட்ரோல் டாங்கி ஒழுகல், சோப்பு வைத்து அடைத்தாயிற்று.

ஏலக்காய் ஸ்டோரில் லோடு ஏற்றும் நாள். மனம் அங்கே இல்லை. மதுரைக்குப் போக வேண்டிய சரக்கை விருதுநகர் லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

பிப். 5, புதன்

மெக்கானிக் அருளப்பன் முன்பக்கத்தைக் கழற்றினார். ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கும் இரும்புத் துண்டில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு. மயிரிழை விரிசல்.

"இது ஆகாதுண்ணே. வேற கொண்டாந்து போடணும்."

மெட்ராசுக்கு எழுதினால் பதினைந்து நாள். வெல்டிங் வைத்தால்?

"வைக்கலாம். எந்த வளைவு வரைக்கும் நிக்கும்னு மட்டும் என்னையக் கேக்காதீங்க."

வைக்கச் சொன்னேன்.

பிப். 7, வெள்ளி

சரியான தூக்கமில்லை. மச்சினன் ராசு சிலமலையிலிருந்து வந்தான். பக்கத்து சீட்டு அவனுக்கு. வளைவில் சாய்ந்து பாரம் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். "வெரசா ஏறிருவோம் மாமா!"

விரிசலைச் சொல்ல வாயெடுத்தேன். கமலம் காபியோடு வந்துவிட்டாள். "எந்தம்பிக்குப் போன மாசந்தான் பொண்ணு பொறந்திருக்கு. பாத்து ஓட்டுங்க."

அவள் உள்ளே போன பிறகும் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டான். ஆளில்லாமல் ஓட்ட விடமாட்டார்கள்.

பிப். 8, சனி

காற்று. தனியாகக் குரங்கணி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. ரோடு சரிவு என்று சொல்லிக்கொண்டேன்.

பிப். 9, ஞாயிறு

நாங்கள்தான் முதல்!

ஏறும் வழியெல்லாம் என் காது அந்த இரும்பில். ராசு ஒவ்வொரு வளைவிலும் வெளியே தொங்கிக்கொண்டு சிரித்தான். ஒதுங்கி நின்ற ஜீப்பிலிருந்து எஸ்டேட் பெண்கள் கூவினார்கள். மெட்டில் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். ஆளுக்கொரு கட்டஞ்சாயா, பாலில்லாத டீ.

இறங்கும்போது முதல் கியரிலேயே வந்தேன்.

"என்ன மாமா, இப்பப் போயி பயமா?"

பிப். 10, திங்கள்

அருளப்பன் துண்டைக் கழற்றிக் கல்லில் தட்டினார். பலமாகக்கூட இல்லை. இரண்டாகப் போயிற்று. உடைந்த இடத்தில் பெரும்பாலும் பழைய விரிசலின் கறுப்பு. பளபளப்பான இரும்பு ஒரு நகத்தின் அகலம். அதில்தான் இரண்டு பேரும் ஏறியிருக்கிறோம்.

"ராசுத் தம்பிக்குத் தெரியுமா?"

இல்லை என்றேன்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

பிப். 11, செவ்வாய்

வெயில். ஸ்டோருக்குப் போகவில்லை. ராசு பதினோரு மணிக்கு வந்தான், கடைத்தெருவெல்லாம் நம்ம பேச்சுத்தான் என்று சொல்லிக்கொண்டே. உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

உடைந்த இரண்டு துண்டையும் வாங்கிப் பொருத்திப் பார்த்தான். கத்துவான் என்று காத்திருந்தேன்.

"தெரிஞ்சிருந்தாலும் ஏறித்தான் இருப்பேன் மாமா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ஸ்டோர் வண்டியில் சிலமலையில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"வேணாம். பஸ்சு வரும்."